கத்தி செய்பவருக்கு எந்த மில்லிங் மெஷின்?

கேள்வி (கோட்டையூர் வாசகர்): ஐயா, ஆபீஸ் முடிந்த நேரத்தில் கொல்லைக் கொட்டகையில் கத்தி செய்கிறேன். பெல்ட் கிரைண்டரும் பெஞ்ச் டிரில்லும் இருக்கின்றன. இதுவரை சமையல் கத்திகள்தான். இனிமேல் பித்தளைக் கார்டு (அலகுக்கும் பிடிக்கும் நடுவில் நிற்கும் தடுப்பு) வைத்த உறைக் கத்தியும் மடக்குக் கத்தியும் செய்ய ஆசை. மேசை மேல் வைக்கிற 60 கிலோ மினி மில், உருண்டைத் தூண் வைத்த டிரில்-மில், கோயம்புத்தூரில் விலைக்கு வந்திருக்கும் பழைய டரெட் மில்லிங் (தலை திரும்பும் பெரிய ஒர்க்ஷாப் மெஷின்) என மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, சமையல் கத்தி மட்டும் என்றால், சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவுகிற மில்லிங் மெஷினே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் உலை, சம்மட்டி, அரம் இவற்றை வைத்தே ஊர் பேர் சொல்லும் அரிவாள் அடிக்கிறார்கள். காம்பு, அதாவது அலகின் பின்பக்க நீட்சி, பிடி நீளத்துக்கும் ஓடுகிற கத்திக்கு இரண்டு பக்கமும் மரம் வைத்து ஆணி அடிக்க உங்கள் டிரில்லும் பெல்ட்டும் தாராளம்.

கார்டு அப்படி இல்லை. 6 மி.மீ. பித்தளைப் பட்டையில், 4 மி.மீ. கனமுள்ள காம்பு இறுக்கமாக நுழைகிற மாதிரி ஒரு காடி (நீளத் துளை) வெட்ட வேண்டும். வரிசையாகத் துளை போட்டு அரத்தால் ராவினாலும் வரும். ஆனால் அலகும் கார்டும் சேருகிற இடத்தில் கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் கண்ணை உறுத்தும், தண்ணீர் இறங்கி உள்ளே துருவும் பிடிக்கும். 3 மி.மீ. எண்ட் மில்லை (மெஷினில் சுழலும் கட்டர்) நடுவில் ஓட்டிவிட்டு, இரண்டு பக்கமும் சிறிது சிறிதாகச் சீவி அளவுக்குக் கொண்டுவந்தால் வேலை சுத்தமாக இருக்கும். மடக்குக் கத்தி இன்னும் கறாரானது. அலகு சுழல்கிற அச்சுத் துளை இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நேர் செங்குத்தாக நிற்காவிட்டால், மடக்கும்போது அலகு ஒரு பக்கம் உரசும். ஆகவே உங்கள் ஆசைக்கு மெஷின் தேவைதான்.

உருண்டைத் தூண் மெஷினை விட்டுவிடுங்கள். அந்த அச்சுத் துளையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் டிரில், அப்புறம் துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமர். இரண்டும் ஒரே நீளம் இல்லை என்பதால் நடுவில் தலையை ஏற்றவோ இறக்கவோ வேண்டியிருக்கும். உருண்டைத் தூணில் கிளாம்பைத் தளர்த்தினால் தலை இடவலமாகத் திரும்பிவிடும், பிடித்து வைத்த மையம் போய்விடும். கத்தி வேலையில் இந்த ஏற்றி இறக்குதல் நாள் முழுக்க உண்டு. சதுரத் தூணோ டவ்டெயில் தூணோ (சரிவான தடம் வெட்டிய தூண்) இருந்தால் தலை நேராக ஏறும், நேராக இறங்கும்.

டரெட் மில்லிங், நம் ஒர்க்‌ஷாப்காரர்கள் எம்1டிஆர் என்பது, இவற்றில் நல்ல மெஷின் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கனமான வார்ப்பிரும்பு அதிர்வை விழுங்கிவிடும், வெட்டிய முகம் பளிச்சென்று வரும். ஆனால் எடை ஒரு டன்னை ஒட்டி இருக்கும், மோட்டார் மூன்று ஃபேஸ். வீட்டு ஒற்றை ஃபேஸில், அதை மூன்று ஃபேஸாக மாற்றித் தரும் வி.எஃப்.டி. கருவி போட்டு ஓட்டலாம். ஆனால் அது கொடுப்பது 230 வோல்ட் மூன்று ஃபேஸ். நம் நாட்டில் 3 ஹெச்.பி. வரையுள்ள மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் வருபவை, அவற்றை 230 வோல்ட்டுக்கு ஏற்ற டெல்டா இணைப்புக்கு மாற்ற வேண்டும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகளும் வெளியே இருக்கின்றனவா என்று திறந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள். மேசையையும் சோதியுங்கள். மேசையை நடுவில் வைத்து ஜிப்பை (தடத்தின் லூஸை எடுக்கும் பட்டை) இறுக்கிவிட்டு இரு கோடிக்கும் கைப்பிடியால் ஓட்டுங்கள். நடுவில் லேசாகவும் கோடிகளில் முரடாகவும் போனால் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மெஷின் வேண்டாம்.

உங்கள் கொட்டகை ஒரு டன்னைத் தாங்காது என்றால் மினி மில் பக்கம் வாருங்கள். 60 கிலோ மெஷினிலும் கார்டு வெட்டலாம், பொறுமை வேண்டும். இரும்பில் ஒரு தடவைக்கு அரை மி.மீ. ஆழத்துக்கு மேல் ஆசைப்படக் கூடாது. இந்த வகையில் சாயும் தூண், சாயாத தூண் என்று இரண்டு உண்டு. சாயாததையே எடுங்கள், ஒற்றை நட்டில் தொங்குகிற தூண் வெட்டும்போது அசையும். உள்ளே பிளாஸ்டிக் கியர் இருந்தால் கட்டர் சிக்கிய அன்று பல் போகும், பெல்ட் டிரைவ் மேல். கையில் பணம் இருந்தால் இதற்கு அடுத்த அளவு, 150 கிலோவை ஒட்டிய டவ்டெயில் தூண் மெஷின் வாங்குங்கள். உங்களுக்கு என் சிபாரிசு அதுதான். மேசை நீளம், டிஜிட்டல் ஸ்கேல், வேக எண்கள் என்று விளம்பரத்தில் எது இருந்தாலும் முதலில் எடையைக் கேளுங்கள்.

மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது வைஸ், கோலட் (கட்டரைப் பிடிக்கும் வளையம்), டயல் (நுண்ணளவு காட்டும் மானி) இவற்றுக்கு ஒதுக்குங்கள். எண்ட் மில்லை டிரில் சக்கில் பிடிக்கவே கூடாது. பக்கவாட்டு அழுத்தத்தில் சக் கழன்று விழும். இ.ஆர். கோலட் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டிங் வேலை முழுவதையும் இரும்பைக் கடினமாக்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தணித்த, அதாவது சூடாக்கி மெல்ல ஆறவிட்டு மென்மையாக்கிய இ.என்.31 என்ற கத்தி இரும்பில் 6 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கட்டர் நிமிஷத்துக்கு 800 சுற்றில் அழகாக ஓடும், பித்தளைக்கு 2500க்கு மேலும் போகலாம். எண்ணெயில் தோய்த்து, கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 58க்கு வந்த அலகில் அதே கட்டர் ஒரு நொடியில் மழுங்கிவிடும். பழைய லாரி கமான் பட்டையும் அப்படித்தான், தணிக்காமல் மெஷினில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, இதை மறந்துவிடாதீர்கள்: பெல்ட் கிரைண்டர் இருக்கிற அறையில் மில்லிங் மெஷினை வைக்காதீர்கள். உப்புத்தாள் பொடி எண்ணெய் பூசிய மேசைத் தடத்தில் ஒட்டிக்கொண்டு, நீங்கள் கைப்பிடியைச் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றிலும் தடத்தைத் தேய்க்கும். நடுவில் ஒரு செங்கல் சுவராவது எழுப்புங்கள். நல்ல மெஷின்கள் இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வி (பள்ளத்தூர் வாசகர்): புது மினி மில் வந்து இறங்கிவிட்டது. முதல் வேலை என்ன?

பதில்: மண்ணெண்ணெயால் கிரீஸ் முழுவதையும் துடைத்துவிட்டு, தடங்களுக்கு 68 நம்பர் ஸ்லைடுவே எண்ணெய் பூசுங்கள். அப்புறம் டயலை ஸ்பிண்டிலில் (கட்டர் மாட்டிச் சுழலும் தண்டு) மாட்டி, கையால் சுற்றி, மேசை மேல் 150 மி.மீ. வட்டம் போடுங்கள். நான்கு திசையிலும் வித்தியாசம் 0.03 மி.மீ.க்குள் வரும் வரை தலையைச் சரிசெய்ய வேண்டும். இது சரியில்லை என்றால் நீங்கள் வெட்டும் காடி சாய்ந்தே வரும், காரணம் தெரியாமல் தவிப்பீர்கள். சின்ன மெஷினில் திருகில் லூஸ் இருக்கும், அதனால் கட்டர் சுற்றுக்கு எதிராகவே வேலையைத் தள்ளுங்கள். சுற்றோடு தள்ளினால் கட்டர் மேசையை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி (தேவகோட்டை வாசகி): என் வீட்டுக்காரர் மில்லிங் மெஷினை வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஆத்தங்குடித் தரை மேலேயே வைக்கலாம் என்கிறார். தரை தாங்குமா?

பதில்: அம்மா, வைக்க விடாதீர்கள். எடையை விட எண்ணெயும் சீவலும்தான் பயம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தியது. எண்ணெய் சிந்தினால் உறிஞ்சிக்கொள்ளும், கறை போகாது. சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவல் காலில் மிதிபட்டால் கோடு கோடாகக் கீறும். வீட்டுக்குள் நடமாடும் பிள்ளைகளின் கால்களையும் நினைத்துப் பாருங்கள். கொல்லைப் பக்கம் ஓடு வேய்ந்த இடம் ஏதாவது இருக்கும். அங்கே அரை அடிக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டு, தனி எர்த் கம்பி இறக்கி வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறும், வேலை முடிந்ததும் மேசைக்கு எண்ணெய் தடவித் துணி போட்டு மூடச் சொல்லுங்கள்.