50 மணி நேரம் மின்னழுத்தம் மாறாமல் ஓடிய வினையூக்கி, பத்து வருடம் தாங்குமா?

கேள்வி இது: "தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க ஒரு நிக்கல்-இரும்பு வினையூக்கி செய்திருக்கிறோம். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லியாம்பியரில் 50 மணி நேரம் மின்னழுத்தம் அசையவே இல்லை. நீடித்து உழைக்கும் என்று எழுதலாமா? இவ்வளவு மலிவான பொருள் இருக்கும்போது எல்லாரும் ஏன் இரிடியத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?"

பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. காரக் கரைசலில் ஓடும் மின்னாற்பகுப்பு ஆலைகளில் நிக்கல்தான் பல தலைமுறைகளாக வேலை செய்கிறது. பஞ்சாபின் நங்கலில் 1962-இல் தொடங்கிய கனநீர் ஆலைகூட, பக்ரா அணையின் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்த கார வகைதான். இரிடியம் இல்லாமல் முடியாது என்ற நிலை, காரக் கரைசலுக்குப் பதில் புரோட்டானைக் கடத்தும் மெல்லிய சவ்வை வைக்கும் புரோட்டான் சவ்வு வகையில்தான். அங்கே சவ்வே ஒரு வலுவான அமிலம். ஆக்சிஜன் வரும் நேர்மின்வாயில் நிக்கலோ கோபால்ட்டோ வைத்தால் கரைந்துபோகும். இரிடியம் ஆக்சைடு மட்டும் ஓரளவு நிற்கிறது. அந்த இரிடியம் உலகம் முழுக்க வருடத்துக்கு 7, 8 டன்தான் கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்க பிளாட்டினச் சுரங்கங்களில் துணைப்பொருளாக வருவது.

ருத்தேனியம் என்ற இன்னோர் உலோகத்தின் ஆக்சைடு இரிடியத்தைவிட வேகமாக ஆக்சிஜன் தரும். ஆனால் அமிலத்தில் மளமளவென்று கரைந்துவிடும். அதே ருத்தேனியம் ஆக்சைடை டைட்டானியம் ஆக்சைடோடு கலந்து டைட்டானியத் தகட்டில் பூசி ஹென்றி பீர் 1960களில் உருவாக்கிய மின்வாய்கள், குளோரின் ஆலைகளில் வருடக்கணக்கில் உழைக்கின்றன. குளோரின் வரும் இடத்தில் நிற்கிற பொருள், ஆக்சிஜன் வரும் இடத்தில் ஏன் நிற்பதில்லை? ஆக்சிஜன் உருவாகும் ஒவ்வொரு முறையும் உலோகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு உருவாகி உடைகிறது. சில நேரம் ஆக்சைடின் சொந்த ஆக்சிஜனே வெளியேறிவிடுகிறது. பிடிப்பு இழந்த உலோக அணு கரைசலுக்குள் போய்விடுகிறது. வினை நடக்கும் இடமும் அரிப்பு நடக்கும் இடமும் ஒன்றேதான். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மொத்தக் கஷ்டமும் இதற்குள் அடங்கிவிடும்.

சரி, உங்கள் 50 மணி நேரத்துக்கு வருவோம். சதுர சென்டிமீட்டருக்கு 0.4 ஆம்பியரில் ஓடும் ஒரு கார வகை ஆலையில் அது ஒன்றேகால் மணி நேர வேலை. அந்த ஆலையிடம் 80,000 மணி நேரம் எதிர்பார்க்கிறார்கள், அதாவது நிறுத்தாமல் ஓட்டினால் ஒன்பது வருடத்துக்கு மேல். மின்னூட்டக் கணக்கில் உங்கள் சோதனையைப் போல 64,000 மடங்கு. சவ்வு வகையிலும் இதே மாதிரி கணக்குப் போடலாம்: சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் இரிடியம், 1 ஆம்பியர், 80,000 மணி நேரம் என்று வைத்தால், ஒவ்வொரு இரிடியம் அணுவும் சராசரியாகச் சுமார் 14 கோடி ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தந்தாக வேண்டும். அத்தனை முறையும் தன் இடத்தை விட்டுப் போகாமல்.

மின்னழுத்தம் மாறவில்லை என்கிறீர்கள். காஸ் சிலிண்டர் தீரப்போகும் வரைக்கும் அடுப்பு ஒரே மாதிரிதானே எரிகிறது? நிக்கல் ஃபோமில் (பஞ்சு போலத் துளைகள் நிறைந்த நிக்கல்) தேவைக்குப் பல மடங்கு வினையூக்கியை ஏற்றிவிட்டு 10 மில்லியாம்பியர் மட்டும் கேட்டால், பாதி உதிர்ந்தாலும் கோடு நேராகவே போகும். ஓட்டம் முடிந்ததும் கலத்தின் அடியைப் பாருங்கள். மின்வாய்க்கு நேர் கீழே கருப்பாகப் பொடி படிந்திருக்கும். கரைந்தது போக, குமிழிகள் பிய்த்துத் தள்ளியது அது. மின்னழுத்த வரைபடத்தில் இதில் எதுவுமே தெரியாது.

அதனால்தான் கரைந்த உலோகத்தை எண்ணச் சொல்கிறேன். 2018-இல் ஜெர்மனியின் எர்லாங்கனைச் சேர்ந்த செரெவ்கோ, மேயர்ஹோஃபர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் முன்வைத்தார்கள்: ஓர் உலோக அணு கரைவதற்குள் எத்தனை ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெளிவந்தன? அவ்வளவுதான். எவ்வளவு ஏற்றினீர்கள், எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்பதற்குப் பின்னால் இந்த எண்ணை ஒளித்துவைக்க முடியாது. படிக வடிவ இரிடியம் ஆக்சைடு, படிகமாகாததைவிட எத்தனையோ மடங்கு நிலையானது என்பதும் இப்படி எண்ணும்போது பளிச்சென்று தெரிகிறது.

உங்கள் பொருளில் முதலில் கழன்று போவது இரும்பு. அது கரைவதையே நிறுத்தப் பார்ப்பதைவிட, போனது திரும்பி வர வழி செய்வது நல்ல யோசனை என்று நினைக்கிறேன். 2020-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகக் குழு காட்டியது இதைத்தான்: காரக் கரைசலில் மிகச் சிறிதளவு இரும்பு இருந்தால், கரைவதும் திரும்பப் படிவதும் சமமாகி வேகம் குறையாமல் நிற்கிறது. 2008-இல் எம்.ஐ.டி.யில் கானனும் நோசெராவும் உருவாக்கிய கோபால்ட்-பாஸ்பேட் படலம் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதும் இந்த வழியில்தான். ஆனால் கரைந்த இரும்பில் ஒரு பங்கு, ஹைட்ரஜன் வரும் எதிர்மின்வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். திரவத்தை மட்டும் அளந்தால் கணக்கு குறைவாக வரும். எதிர்மின்வாயில் படிந்ததையும் அமிலத்தில் கரைத்து அளந்து சேர்க்க வேண்டும்.

அப்புறம், நிறுத்துவது. பழைய ஆலைகள் அணை மின்சாரத்தில் இரவும் பகலும் ஓடின. இப்போது சூரிய மின்சாரத்தில் ஓட்ட நினைக்கிறோம். தினமும் சாயங்காலம் நின்றுவிடும். நின்றதும் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் ஆக்சிஜனும் இருப்பதால் பல கலங்களைச் சேர்த்த அடுக்கே ஒரு மின்கலமாகி, பொதுவான கரைசல் வழியாக மின்னோட்டம் தலைகீழாகப் பாயும். எதிர்மின்வாயில் இருக்கும் நிக்கல் ஆக்சிஜனேற்றம் அடையும், நேர்மின்வாயின் ஆக்சைடு ஒடுக்கம் அடையும். காலையில் மறுபடி எல்லாம் மாறும். பத்து வருடத்தில் இது 3,650 தடவை. ஓடும் நேரத்தைவிட இந்த நிற்கும் நேரம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இத்தனைக்கும் பல கட்டுரைகளில் ஒருமுறைகூட நிறுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எதிர்மின்வாய் பக்கத்துக்கும் வினையூக்கி செய்கிறீர்கள் என்றால், எதிரே பிளாட்டினக் கம்பியை வைக்காதீர்கள். அது கரைந்து உங்கள் மின்வாயில் படிந்து, நாளாக ஆக வினையூக்கி மேம்படுவது போலத் தோன்றும். ஆக்சிஜன் பக்கத்தில் கார்பன் தாளும் வேண்டாம், அந்த மின்னழுத்தத்தில் கார்பனே எரிந்து போகும்.

ஆக, "நீடித்து உழைக்கும்" என்று இப்போதைக்கு எழுத வேண்டாம். 80 டிகிரி வெப்பம், 30 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சதுர சென்டிமீட்டருக்கு 0.4 ஆம்பியர் என்று வைத்து, தினமும் சில மணி நேரம் அணைத்து அணைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை அணைப்பதற்கு முன்னும் மறுபடி தொடங்கிய பின்னும் கொஞ்சம் திரவம் எடுத்து கரைந்த உலோகத்தை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவிக்கு அனுப்புங்கள். மாதிரிகளைக் கண்ணாடிக் குப்பியில் வைக்க வேண்டாம். சூடான காரம் கண்ணாடியை அரித்து சிலிக்கேட்டையும் இரும்பையும் சேர்த்துவிடும் என்பதால் கலமும் டெஃப்ளானாக இருக்கட்டும். அந்த ஒரு மாதக் கணக்கு கையில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.