எத்தனையாம் நம்பர் நூல்? வியாழனின் காந்த எல்லை பற்றிய கேள்வி-பதில்

பயோனியர் 10 வியாழனின் காந்தக்கோளத்துக்குள் புகுந்தபின் மறுபடியும் வெளியே வந்ததாகப் படித்தேன். விண்கலம் திரும்பிச் சென்றதா? (மாணவர், பொள்ளாச்சி)

விண்கலம் திரும்பவில்லை. காந்தக்கோளம் என்பது கோளின் காந்தப்புலம் ஆளும் பகுதி; அதன் எல்லைதான் விண்கலத்தைத் தாண்டி உள்ளே ஒடுங்கியது. 1973 நவம்பர் இறுதியில், ஏறத்தாழ 96 வியாழ ஆரத் தொலைவில் எல்லையைக் கடந்து உள்ளே சென்ற பயோனியர், 50 ஆரத்தை நெருங்கியபோது சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து பாயும் மின்னேற்றத் துகள்களின்) அழுத்தம் கூடியிருந்ததால், மீண்டும் சில மணி நேரம் எல்லைக்கு வெளியே, சூரியக் காற்று வேகம் குறைந்து ஓடும் காந்த உறைக்குள் இருக்க நேர்ந்தது. ஆடிக் காற்றுக்குப் பந்தல் துணி உள்வாங்குவதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். காற்றின் அழுத்தம் இரு மடங்கானால் பூமியின் எல்லை பத்து விழுக்காடு அளவே சுருங்கும். வியாழனின் எல்லையோ ஏறத்தாழ பதினைந்து விழுக்காடு சுருங்கும். அங்கே சூரியக் காற்றை எதிர்த்து நிற்பது காந்தப்புலம் மட்டுமன்று; வியாழனின் நிலாவான அயோவின் எரிமலைகளிலிருந்து நொடிக்கு ஒரு டன் அளவில் வந்து சேரும் கந்தகமும் ஆக்சிஜனும் அயனிகளாகிச் சூடேறி, உள்ளிருந்து அழுத்துகின்றன. ஆகவே, எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் எப்போது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வியாழனின் எல்லையில் துகள்கள் எவ்வளவு உள்ளன? ஒரே எண்ணாகச் சொல்லவும். (ஈரோடு)

சொல்ல முடியாது. மாதம் ஒருவராவது இப்படிக் கேட்கிறார்கள். நானும் சலிக்காமல் இதையே திருப்பிக் கேட்கிறேன்: எந்த ஆற்றலில்? நெசவு நூல் கடைக்குச் சென்று, நூலின் தடிமனைக் குறிக்கும் நம்பரைச் சொல்லாமல் ‘நூல் என்ன விலை?’ என்று உங்கள் ஊரில் எவரேனும் கேட்பார்களா? இருபதாம் நம்பர் நூலும் எண்பதாம் நம்பர் நூலும் ஒன்றல்ல என்று அறிந்த ஊரிலிருந்து இக்கேள்வி வருவதுதான் எனக்கு வருத்தம். நான் பாடம் நடத்திய காலத்தில், ஆற்றல் வரம்பைக் குறிக்காத வரைபடங்களைப் பார்க்காமலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதன்று. ஆற்றல் மாறினால் எல்லைக்கே பொருள் மாறிவிடுகிறது. எல்லைக்கு அருகே காந்தப்புலம் 5 நானோ டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இது துகளின் ஆற்றலை அளக்கும் அலகு; ஆயிரம் கிலோ ஒரு மெகா) ஆற்றலுள்ள எலக்ட்ரான் சுழலும் வட்டத்தின் ஆரம் இருநூறு கிலோமீட்டர் சொச்சம். 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானுக்கோ அது முப்பதாயிரம் கிலோமீட்டரை நெருங்கும்; அதாவது வியாழனின் ஆரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. எலக்ட்ரானுக்குச் சுவராக நிற்பது, இந்தப் புரோட்டானுக்கு ஒரே எட்டில் தாண்டும் வரப்பாகிவிடுகிறது. மேலும், வியாழனுக்குப் போன வாயேஜர், கலிலியோ விண்கலங்களில் சென்ற ஆற்றல்மிகு துகள் கருவிகள் பத்து இருபது கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே எதையும் எண்ணவில்லை. எண்ணிக்கையில் மிகுதியான துகள்கள் அதற்குக் கீழேதான் உள்ளன. ஆற்றலைச் சொல்லாத எண்ணிக்கை எண்ணிக்கையே அன்று.

துகள்கள் வெளியே கசிகின்றனவா, உள்ளே நுழைகின்றனவா? (காங்கேயம்)

இரண்டும் நடக்கின்றன. எல்லைக்கு வெளியே ஆற்றல்மிகு கந்தக அயனிகள் மிகுந்து காணப்பட்டால் அவை வியாழனிடமிருந்து கசிந்தவை. கந்தகத்துக்கு அயோவை விட்டால் அங்கே வேறு பெரிய ஊற்று இல்லை. புரோட்டான் எனில் சூரியனும் தரும், வியாழனும் தரும். ஆகவே அதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

எல்லையருகே 30 கோடி டிகிரி வெப்பம் என்கிறார்கள். வாயேஜர் எரியவில்லையே? (திருப்பூர்)

அந்த எண் ஒவ்வொரு துகளின் ஆற்றலைக் குறிக்கிறது; துகள்களோ மிக அரிதாக உள்ளன. ஒரு தீப்பொறி கையில் பட்டால் கை வெந்துவிடுவதில்லை.

வியாழனில் நம் திசைகாட்டி வேலை செய்யுமா? (உடுமலை)

செய்யும்; ஆனால் வடக்கைக் காட்டும் முள் தெற்கைக் காட்டும்.

குருப்பெயர்ச்சி அன்று வியாழனின் துகள்கள் பூமியில் கூடுதலாக விழுமா? (கோபி)

விழாது. வியாழனிலிருந்து தப்பும் எலக்ட்ரான்கள் பூமியருகே வருவது உண்மை. அவற்றில் சில மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ளவை (ஆற்றலைச் சொல்லிவிட்டேன், கவனிக்கவும்) ஏறத்தாழ 13 மாதங்களுக்கு ஒருமுறை கூடுகின்றன. சூரியக் காற்று இழுத்துச் செல்லும் சுருள் காந்தக் கோடு ஒன்றே இரு கோள்களையும் இணைக்கும் காலம் அது. ராசி மாறுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இதே கேள்வியை இதே வாசகர் முன்பும் அனுப்பியிருக்கிறார்.

ஊட்டியிலிருந்து இந்த எல்லையைக் காண முடியுமா? (மேட்டுப்பாளையம்)

எல்லையைக் காண முடியாது. அதைத் தள்ளும் காற்றை அறிய முடியும். ஊட்டிக்கு அருகே முத்தோரையில் மலைச்சரிவை ஒட்டி அமைந்துள்ள, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி, தொலைதூர வானொலி மூலங்கள் சூரியக் காற்றின் ஊடே மினுக்குவதைப் பதிந்து, அக்காற்றின் வேகத்தைக் கணிக்கப் பயன்படுகிறது. போவதானால் முன் அனுமதி பெற்றுச் செல்லுங்கள்.