வாசகர் கேள்விகள்: ஃபிளாஸ்கில் இருந்தது வேறொருத்தி

இந்த மாதம் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆய்வகத்தில் 2013 முதல் ஆராய்ச்சி உதவியாளராக இருப்பவர். சொந்த ஊர் கோவில்பட்டி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

என் மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்திருக்கிறாள். பெங்களூரில் ஒரு கேன்சர் லேபில் ரிசர்ச் அசிஸ்டென்ட் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு வருட ஒப்பந்தம்தான். “இதெல்லாம் ஒரு வேலையா, பி.எட். படிக்க வை” என்கிறார்கள் உறவினர்கள். அனுப்பலாமா?
— ஒரு தாய், திண்டுக்கல்

இதே சந்தேகம் என் அம்மாவுக்கும் வந்தது. நீங்கள் பத்திரிகைக்கு எழுதினீர்கள், அவர் ஜோசியரிடம் போனார். ஜோசியர் “வெளியூர் யோகம் இருக்கு” என்றாராம். யோகம் ஸ்ரீராமபுரத்தில் மொட்டை மாடி அறை ஒன்றாக அமைந்தது. நாங்கள் மூன்று பேர், ஒரே ஒரு சுவிட்ச் போர்டு. கையில் வந்த சம்பளம் 12,000 ரூபாய்.

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மேல். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சியாளர் ஆனவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வாடகைப் படி தனி. நெட் இல்லாமல் புராஜெக்டில் சேருகிறவர்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஒப்பந்தம் வருடா வருடம் நீளும், புராஜெக்ட் முடிந்தால் முடியும். பணம் மாதம் பிறந்ததும் வந்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் வரவில்லை, ஆறாவது மாதம் மொத்தமாக வந்தது. அந்த ஐந்து மாதமும் அல்சூரில் இருந்த என் சித்திதான் அரிசி கொடுத்தார். அதனால் அனுப்புவதாக இருந்தால் நான்கு மாத வாடகையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள், அம்மா. சேருவதற்கு முன் பேராசிரியரைப் பார்த்தால் போதாது. அங்கே இப்போது வேலை பார்க்கும் உதவியாளரோடு கேன்டீனில் ஒரு டீ குடிக்க வேண்டும். போன வருடம் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், கட்டுரையில் உதவியாளர் பெயர் வருமா, ஞாயிற்றுக்கிழமை யார் வருகிறார்கள் என்று கேட்கட்டும். மூன்றாவது கேள்விக்கு அந்தப் பெண் சிரித்தால் அந்த லேபில் சேரலாம். கண்ணைத் தாழ்த்திக்கொண்டால் யோசிக்கலாம்.

பி.எட். எங்கும் ஓடிவிடாது.

கேன்சர் லேபில் ஒரு நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்? நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு.
— ஒரு மாணவர், நாகர்கோவில்

உறை ஊற்றுவோம், தம்பி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் விடுகிறோம் இல்லையா? செல் கல்ச்சரும், அதாவது உடம்புக்கு வெளியே செல்களை வளர்ப்பதும், அதுதான். ஃபிளாஸ்க் என்கிற தட்டையான பிளாஸ்டிக் குப்பியின் அடியில் செல்கள் ஒட்டிப் பரவி வளர்கின்றன. இடம் நிறைந்ததும் டிரிப்சின் என்ற நொதியை விட்டுப் பெயர்த்து, அதில் ஒரு பங்கை மட்டும் புது மீடியத்தில், அதாவது செல்களுக்கான சத்துத் திரவத்தில், விட வேண்டும். இதை ‘ஸ்ப்ளிட்’ பண்ணுவது என்போம். பிறகு இன்குபேட்டரில் 37 டிகிரி, ஐந்து சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. கிட்டத்தட்ட உடம்புக்குள் இருக்கிற மாதிரி அதை நம்ப வைக்கிறோம். மீடியம் ரோஸ் நிறத்தில் இருக்கும். மஞ்சளாகிவிட்டால் செல்களுக்குப் பசி, அல்லது பாக்டீரியா புகுந்துவிட்டது. புகுந்துவிட்டது என்றால் அன்றைக்கு லேபில் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டோம்.

நடுவில் கழுவுவது, ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்குவது, பிப்பெட் டிப்புகளைப் பெட்டியில் அடுக்குவது. முதல் மூன்று மாதம் நான் அடுக்கிய டிப்புகளைப் பூவாகக் கட்டியிருந்தால் சோமேஸ்வரர் கோயிலுக்கு ஒரு வருடம் காணும். 2024 மார்ச்சில் பெங்களூரே தண்ணீருக்குத் தவித்தபோது எங்கள் வடிநீர்க் கருவியும் தவித்தது. ஒரு லிட்டர் வடிநீருக்குப் பல லிட்டர் தண்ணீர் கழிவாகப் போகும். அதை வாளி வாளியாகப் பிடித்து வைத்துக் கண்ணாடிச் சாமான் கழுவினோம்.

கடைசி ஒரு மணி நேரம் நோட்டு எழுதுவது. என்ன செய்தேன், எது கெட்டுப்போனது, எந்த மருந்தை எத்தனை மணிக்கு விட்டேன். பேனாவில் எழுத வேண்டும். தவறினால் ஒரு கோடு போட்டு அடிக்கலாம், வெள்ளை மை தடவக் கூடாது. இது ஏன் முக்கியம் என்று கீழே ஒரு கேள்விக்கு வயிற்றெரிச்சலோடு சொல்லியிருக்கிறேன்.

புற்றுநோய் செல்களைத் தொட்டு வேலை செய்கிறீர்களே, உங்களுக்கு ஒட்டிக்கொள்ளாதா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

ஒட்டிக்கொள்ளாது. இன்னொருவருடைய செல் நம் உடம்பில் நுழைந்தால் நம் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியன் என்று கண்டுபிடித்து அழித்துவிடும். ஊசி குத்தி ஒரு லேப் ஊழியர் கையில் சிறு கட்டி வந்ததாக மருத்துவ இதழில் பதிவு உண்டு, ஆனால் அது அபூர்வத்திலும் அபூர்வம். உண்மையில் எங்களுக்குப் பயம் வேறு சாமான்களில்தான். ஜெல் செய்யும் அக்ரிலமைடு நரம்புக்கு விஷம். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. அதிலிருந்து வெளியே எடுக்கும் சின்னக் குப்பி சில சமயம் பட்டாசு மாதிரி வெடிக்கும். முகக் கவசம் இல்லாமல் எடுக்கிற பிள்ளைகளை நான் அறைய மாட்டேன், ஆனால் அறையத் தோன்றும்.

இத்தனை வருடத்தில் ஏதாவது மருந்து கண்டுபிடித்தீர்களா?
— ஒரு வாசகர், காரைக்குடி

இல்லை. ஒரு கட்டுரையில் ஐந்தாவது பெயராக இருக்கிறேன். அம்மா அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

என் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றுநோய் செல்லைக் கொல்லும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. லேபிலேயே நிரூபித்திருக்கிறார்களாம். நீங்கள் ஏன் இதை ஆராய்வதில்லை?
— ஒரு மகன், சேலம்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபப்படாமல் கேளுங்கள்.

‘லேபில் கொன்றது’ என்றால் என்ன என்று சொல்கிறேன். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் செல்களைப் போட்டு, மேலே சாற்றை விடுவோம். இரண்டு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் கரைசலை ஊற்றுவோம். உயிருள்ள செல் அதைக் கத்திரிப்பூ நிறமாக மாற்றும். செத்த குழி மஞ்சளாகவே இருக்கும். நான் இந்தத் தட்டுகளை நூற்றுக்கணக்கில் பார்த்தாயிற்று. முள்சீத்தா விட்டாலும் மஞ்சள், உப்பைக் கொட்டினாலும் மஞ்சள், சோப்புத் தண்ணீர் விட்டாலும் மஞ்சள். தட்டில் கொல்வது சுலபம். உடம்பில் நல்ல செல்லை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்வதுதான் பாடு.

நாங்கள் செடிகளை ஏளனமாகப் பார்ப்பதில்லை. நம் ஊர்ச் சுடுகாட்டு ஓரத்தில் பூத்துக் கிடக்குமே நித்தியகல்யாணி, அதிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தன. சர்க்கரை நோய்க்கு அந்த இலைத் தேநீர் நல்லது என்று ஜமைக்காவில் சொன்னதைக் கேட்டு, கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் எலிகளில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வின்கிரிஸ்டின் ஏற்றுகிறார்கள். ஆனால் அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பு மரத்துப் போகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் நித்தியகல்யாணியைக் காய்ச்சிக் குடித்துவிட வேண்டாம்.

முள்சீத்தாவை ஆராயாமல் இல்லை. அதில் அன்னோனாசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. கரீபியன் தீவான குவாதலூப்பில் அதை நிறையச் சாப்பிடுகிறவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்பு நோயைப் பார்த்து, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். அப்பா கீமோவில் இருந்தால், கஷாயம் கொடுப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்த பெரிய தவறு எது?
— ஒரு ஆராய்ச்சி மாணவி, மதுரை

உன் தைரியத்துக்காகவே சொல்கிறேன்.

2016-ல் இன்னொரு லேபிலிருந்து எங்களுக்கு ஒரு ஃபிளாஸ்க் வந்தது. வயிற்றுப் புற்றுநோய் செல்கள் என்று மேலே பென்சிலில் எழுதியிருந்தது. ஏழு மாதம் அதை வளர்த்தேன். ஒரு மருந்துக்கு அவை எப்படி அடங்குகின்றன என்று, செல்லில் உள்ள புரதங்களைக் கோடுகளாகக் காட்டும் ‘பிளாட்’ சோதனையை மேலும் மேலும் ஓட்டினேன். கோடுகள் அழகாக வந்தன. கைடுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம், இந்த முறை பெயர் மூன்றாவது இடத்துக்கு வரும் என்று.

கட்டுரை அனுப்பும் முன் செல்களின் அடையாளத்தைச் சோதிக்கச் சொன்னார்கள். எஸ்.டி.ஆர். சோதனை. குற்ற வழக்குகளில் ஆளை அடையாளம் காண்பார்களே, ஏறக்குறைய அதே முறை. அறிக்கை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. வயிறும் இல்லை ஒன்றும் இல்லை. ஹீலா.

ஹீலாவை உனக்குத் தெரிந்திருக்கும். ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாயில் வந்த கட்டி. 1951-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவரிடம் கேட்காமலே கொஞ்சம் எடுத்து வளர்த்தார்கள். அதே வருடம் அக்டோபர் 4-ஆம் தேதி 31 வயதில் அவர் இறந்துபோனார். செல்கள் சாகவில்லை. அவை எவ்வளவு முரட்டுத்தனமாக வளரும் என்றால், ஒரு துளி தவறிப் பக்கத்து ஃபிளாஸ்கில் விழுந்தால் போதும், சில வாரத்தில் அங்கே இருந்தவற்றை நெருக்கித் தள்ளிவிட்டுத் தானே நிற்கும். வெவ்வேறு உறுப்பின் செல்கள் என்று உலகமெங்கும் லேபில் வைத்திருந்த பலவும் ஹீலாதான் என்று ஸ்டான்லி கார்ட்லர் 1966-லேயே மேடையில் சொல்லிவிட்டார். நானும் அதைப் பாடமாகப் படித்தவள்தான். படித்தது ஏட்டில் இருந்தது, ஃபிளாஸ்க் கையில் இருந்தது.

ஆனால் என் தவறு அது இல்லை. உறை மோர் மாறித்தான் எங்கள் கைக்கே வந்தது. அந்த வார இறுதியில் என் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தில், ஃபிளாஸ்க் வந்து சேர்ந்த இரண்டாவது வாரம், என் கையெழுத்தில்: ‘சொன்னதைவிட வேகமாக வளர்கின்றன. நான்கு நாளில் ஸ்ப்ளிட் பண்ண வேண்டியது, இரண்டு நாளிலேயே நிறைந்துவிட்டது.’ பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு வரைந்திருக்கிறேன். நம் கைராசி என்று நினைத்திருக்கிறேன்! கண் பார்த்தது, கை எழுதியது, புத்திதான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை நோட்டை எடுத்துக்கொண்டு கைடிடம் போனேன். அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கலாம், எண் போட்ட நோட்டு, கிழித்தாலும் தெரிந்துவிடும். அவர் படித்தார். சிரிக்கும் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அடுத்த தடவை ஃபிளாஸ்க் வந்த அன்னைக்கே டெஸ்டுக்கு அனுப்பு” என்றார், அவ்வளவுதான். ஏழு மாதத்தை ப்ளீச் ஊற்றிக் கொன்றேன். அதிலிருந்து வெளியிலிருந்து வரும் எந்த ஃபிளாஸ்கும் அறிக்கை வரும்வரை தனி இன்குபேட்டரில்தான். பிள்ளைகள் அதற்கு ‘அக்காவோட ஜெயில்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் மனைவிக்கு மார்பில் அறுவை சிகிச்சை. எடுக்கும் கட்டியில் மீதியை ஆராய்ச்சிக்குத் தர ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடலாமா? பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், அல்சூர், பெங்களூர்

அண்ணா, அந்தக் கட்டி வந்து சேருகிற இடத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நோய் என்ன, எந்தக் கட்டம் என்று பார்ப்பதற்குத் தேவையானது முதலில் பேத்தாலஜிக்குப் போகும். மிஞ்சுவதைத்தான் கேட்கிறார்கள். எங்களுக்கு அது ஐஸ் பெட்டியில், விரல் அளவு ட்யூபில் வரும். மேலே ஒரு எண் மட்டும், பெயர் இருக்காது. மாலை ஆறு மணிக்கு வந்தாலும் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவோம், வீட்டுக்கு ஃபோன் போட்டு “தோசை வேண்டாம், லேட்டாகும்” என்று சொல்லிவிட்டு. மறுநாளுக்கு வைத்தால் வீணாகிவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மாட்டேன் என்று சொல்ல முழு உரிமை உண்டு. சொன்னால் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது. இன்று சம்மதித்துவிட்டுப் பிறகு மனம் மாறினாலும் திரும்பப் பெறலாம். படிவம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால், தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். எதற்குப் பயன்படுத்துவார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், கம்பெனி எதற்காவது போகுமா என்றும் கேளுங்கள். கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறார்கள் என்றால் கையெழுத்துத் தேவையில்லை.

இன்னொன்று. “நான் கையெழுத்துப் போடலாமா” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடம் உங்களுக்கானது இல்லை, அண்ணா. படிவத்தை அண்ணியிடம் கொடுங்கள். கண்ணாடியையும் எடுத்துக் கொடுங்கள், எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கும்.