வாசகர் கேள்வி: மலையில் வீடு, சமவெளியில் சோலார்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டி எங்கள் ஓட்டு வீடு இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களின் நிழலும் காலைப் பனிமூட்டமும் சேர்ந்து ஓடுகளில் பாசி படிந்துவிட்டது. சோலார் போட வந்தவர் ஏறிப் பார்த்துவிட்டு, இங்கே சரிப்படாது என்று சொல்லிவிட்டார். சேலம் அம்மாபேட்டையில் என் தங்கை வீட்டு மொட்டைமாடியில் நாள் முழுக்க வெயில் அடிக்கிறது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து அங்கே பேனல் போட்டால், என் பங்கை ஏற்காட்டு மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ள முடியுமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: இந்த ஏற்பாட்டுக்கு மெய்நிகர் நிகர அளவீடு என்று பெயர். வழக்கமான நெட் மீட்டர் முறையில் பேனலும் மின் இணைப்பும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இதிலோ, மாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் மின்வாரியத்தின் கம்பிக்குள் போய்விடும். மீட்டரில் பதிவான யூனிட்டுகளைப் பங்கு விகிதப்படி ஒவ்வொருவரின் இணைப்பு எண்ணிலும் வாரியமே வரவு வைக்கும். மலைக்குத் தனியாக வயர் இழுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் எலன்ஸ்பர்க் நகர மின் நிறுவனம் 2006-லேயே இப்படிப் பங்கு சேர்த்து நிலையம் அமைத்தது. டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் இதற்கு நெறிமுறை வகுத்தது. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டமும் இம்முறையில் அமையும் வீட்டு சோலாரை மானியத்துக்கு ஏற்கிறது.

பங்கின் அளவில் நிதானம் வேண்டும். ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் ஆகிறது. முதல் 100 யூனிட் நமக்கு இலவசமாகவே கிடைப்பதால், 340 யூனிட் செலவாகும் வீட்டுக்கு ஒரு கிலோவாட் பங்கே போதும். அதற்கு மேல் போடும் பணம் முடங்கித்தான் கிடக்கும்.

இத்திட்டத்தை மின்வாரியமே முன்னின்று நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அம்மாபேட்டையில் வாடகை வீட்டில் தறி ஓட்டும் நெசவாளருக்கு மாடி சொந்தமில்லை. வீடு மாறினாலும் பங்கைப் புதிய இணைப்பு எண்ணுக்கு மாற்றித்தர வாரியத்தால்தான் இயலும்.

ஆனால் இதற்கான அனுமதி அந்தந்த மாநில ஆணையத்தின் கையில் இருக்கிறது. ஆகவே எவருக்கும் முன்பணம் கொடுக்கும் முன், இரண்டு இணைப்பு எண்களையும் குறிப்பிட்டு உங்கள் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். பேனல் 25 ஆண்டுகள் உழைக்கக்கூடியது என்பதால், தங்கையே ஆனாலும் மாடிக்கு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.