உப்பேரி வற்றினால் யாருக்கு நட்டம்?

வணக்கம்ங்க அண்ணா. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரி வற்றுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குடிக்கவும் ஆகாத, வெள்ளாமைக்கும் ஆகாத தண்ணீர் வற்றினால் யாருக்கு என்ன நட்டம்? அப்படியே வேண்டுமென்றாலும் கடலிலிருந்து குழாய் போட்டு நிரப்பிக்கொள்ளட்டுமே. இங்கே நாங்கள் நல்ல தண்ணீருக்கே ஆயிரம் அடி போர் போடுகிறோம்.
– ஒரு வாசகர், சென்னிமலை

அன்புள்ள தம்பிக்கு,

சென்னிமலைக்காரர் இதைக் கேட்கலாமா? ஒரத்துப்பாளையம் அணை உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டினார்கள். வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயத் தண்ணீர். அணையைத் திறந்துவிட்ட பிறகும் கிணறுகளில் உப்பு நின்றது. மோட்டார் தொட்டிச் சுவரில் வெள்ளை பூத்திருக்கும். தென்னை ஓலை நுனியிலிருந்து கருகிக்கொண்டு வரும்.

யூட்டா ஏரிக்கு வடிகாலே கிடையாது. ஆறுகள் கொண்டுவந்து சேர்த்ததெல்லாம், ஆர்சனிக் என்கிற நஞ்சு உட்பட, அடியில் கிடக்கிறது. 1987-ல் ஏறக்குறைய 8,500 சதுர கிலோமீட்டர் இருந்த ஏரி, 2021-ல் சுமார் 2,500-க்கு வந்துவிட்டது. காய்ந்த தரையிலிருந்து கிளம்பும் புழுதியைப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் மூச்சில் இழுக்கிறார்கள். கலிபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரிக்கு வந்த ஆற்றை 1913-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் திருப்பிக்கொண்டு போனது. அந்த ஏரிப் புழுதியை அடக்க அதே நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் கொட்டியிருக்கிறது.

நட்டம் அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. ஆர்ட்டீமியா என்பது உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால் மாதிரி ஓர் உயிர். இறால் குஞ்சுப் பண்ணைகளில் தீவனமாகப் பொரிக்கிற அதன் முட்டை டின்னில் வருமே, உலகத் தேவையில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்த ஏரியில் அள்ளுவதுதான். 2022-ல் ஏரியின் தென்பகுதியில் உப்பு 19 சதவீதம் வரை ஏறியது. கடலிலேயே மூன்றரைதான். இன்னும் ஏறினால் ஆர்ட்டீமியாவும் தாங்காது, அதைத் தின்ன வருகிற லட்சக்கணக்கான பறவைகளுக்கும் இரை இல்லை.

ஏரிக்கு வரவேண்டிய ஆற்றுத் தண்ணீர் எங்கே போகிறது என்றால், பெரும்பங்கு மாட்டுத் தீவனத்துக்கு. நம் பக்கம் போடுகிற அதே குதிரைமசால்தான். மேலே மடை கட்டிப் பாய்ச்சிக்கொண்டால் கடைமடை காயும்; கீழ்பவானிக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

குழாய் யோசனையை அங்கே சட்டமன்றத்திலேயே பேசினார்கள். ஏரி இருப்பது கடல்மட்டத்துக்கு மேல் 1,280 மீட்டர் உயரத்தில், நடுவில் மலை வேறு. ஏற்றுகிற கரண்டுக் காசை விடுங்கள், கடல்நீர் இன்னும் உப்பையல்லவா கொண்டுவந்து சேர்க்கும்? அதைவிட 2022-ல் சட்டத்தைத் திருத்தியது உருப்படியான வேலை. அதற்கு முன் பாசனத் தண்ணீரை எடுக்காமல் விட்டால் உரிமையே பறிபோகலாம். இப்போது விவசாயி உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே தண்ணீரை ஏரிக்கு வாடகைக்கு விடலாம். குதிரைமசால் நல்ல விலைக்குப் போகிற வருஷத்தில் எத்தனை பேர் விடுவார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.