பழகினால் வரும் கணக்கு

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். கணக்கு எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. ‘குரோத் மைண்ட்செட்’ இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே, அதை எப்படி வளர்த்துக்கொள்வது?
— வாசகி, தேனி

பதில்: ‘வராது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். தமிழில் பாட்டு வரும், நீச்சல் வரும், கணக்கு வரும். பஸ் மாதிரி அதுவாக வரவேண்டும். நிறுத்தத்தில் நிற்பதோடு நம் வேலை முடிந்தது! இதே தமிழில் ‘பழகு’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. சைக்கிள் பழகுகிறோம். முதல் நாள் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டவர்கள் மறுநாளும் ஏறுகிறார்கள், பழகுகிற காலத்தில் விழுவது வழக்கம் என்று தெரிந்திருப்பதால். ‘கணக்குப் பழகுகிறேன்’ என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் கேட்கும் மைண்ட்செட், அதாவது திறமை பிறவியோடு முடிந்துவிடுவதில்லை, பழகப் பழக வளரும் என்ற நம்பிக்கை, கரோல் டுவெக் என்ற உளவியலாளர் பிரபலமாக்கியது. 1998-ல் அவரும் கிளாடியா முல்லரும் வெளியிட்ட ஆய்வில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அதன்பின் பெரும்பாலும் சுலபமான புதிர்களையே நாடினார்கள். ‘நன்றாக உழைத்தாய்’ என்று கேட்டவர்கள் பெரும்பாலும் கடினமானதை எடுத்தார்கள். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ‘உன்னால் முடியும்’ என்று மேடையில் முழங்குகிறவர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய வழக்கு உண்டு. 2019-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், இந்த நம்பிக்கையைச் சொல்லிக்கொடுக்கும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம் ஒன்று மதிப்பெண் குறைந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குச் சராசரி மதிப்பெண்ணில், சுமார் 4 புள்ளி அளவுகோலில், 0.1 புள்ளி கூட்டிக் கொடுத்தது. நல்லதுதான், ஆனால் அவ்வளவுதான். வழியை மாற்றாமல் உழைப்பை மட்டும் புகழ்ந்தால் பயனில்லை என்று டுவெக்கே 2015-ல் எச்சரித்தார்.

எனவே மனதை விட்டுவிட்டு நோட்டை எடுங்கள். ஒரு கணக்கு: ஒருவர் 10 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 15 நாளில் முடிப்பார். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பலரும் இரண்டையும் கூட்டி, பாதியாக்கி, பன்னிரண்டரை என்பார்கள். தனியாளே 10 நாளில் முடிக்கிற வேலை, துணைக்கு ஆள் வந்தபின் நீளுமா? நாட்களைக் கூட்டக் கூடாது, ஒருநாள் வேலையைக் கூட்ட வேண்டும். மொத்த வேலையை 30 பங்காக வையுங்கள் (10-ஆலும் 15-ஆலும் மீதியின்றி வகுபடும் எண்). ஒருவர் நாளுக்கு 3 பங்கு, மற்றவர் 2, சேர்ந்து 5. ஆக 6 நாள்.

தப்பான ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் காரணத்தை எழுதுங்கள்: கேள்வியைத் தப்பாகப் படித்தேனா, வழி தெரியவில்லையா, கூட்டலில் சறுக்கினேனா? ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் மூன்றும் ஒளிந்துகொள்ளும், மருந்தோ மூன்றுக்கும் வேறு. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் அதே கணக்கை விடையை மூடிவைத்துவிட்டுப் போடுங்கள். தீர்த்த கணக்கைத் திரும்பத் திரும்ப வாசித்தால் புரிந்த மாதிரியே இருக்கும். தேர்வறையில்தான் புரியாதது தெரியும். ஒரே நாளில் வட்டிக் கணக்காக இருபது போடுவதைவிட வட்டி, விகிதம், ஆட்கள்-நாட்கள் என்று கலந்து பத்து போடுவது மேல். எந்த வழி எந்தக் கணக்குக்கு என்று கண்டுபிடிப்பதுதானே பாதிக் கணக்கு!

படபடப்புக்கும் கைமருந்து உண்டு. தேர்வுக்கு முன் 10 நிமிடம், மனதில் ஓடும் பயத்தை அப்படியே தாளில் எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். மனக்கணக்குப் போடும் இடத்தைத்தான் கவலையும் பிடித்துக்கொள்கிறது. அதை இறக்கி வைத்தால் இடம் கிடைக்கும். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே இதைச் செய்து பழகிவிடுங்கள்.

கணக்குப் பகுதியை மொத்தமாக விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 25 கேள்வி, தலா ஒன்றரை: முப்பத்தேழரை மதிப்பெண். 3 மணி நேரத்தில் தமிழ் 100 கேள்விக்கு ஒரு மணி, பொது அறிவு 75-க்கு ஒரு மணி, கணக்குக்கு 45 நிமிடம் என்று ஒதுக்கினால் 15 நிமிடம் மிஞ்சும். ஒரு கணக்கில் இரண்டு நிமிடம் தாண்டினால் வினாத்தாளில் அதன் எண்ணைச் சுழித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்த 15 நிமிடம் அதற்குத்தான்.