போர்டுல எழுத முடியாத பேரு

அன்புள்ள அண்ணனுக்கு,

குழித்துறை கோர்ட்டுல நாலு வருஷமா ஜூனியரா இருக்கேன். கூட படிச்சவங்கள்ல பாதிப்பேரு சென்னை, எர்ணாகுளம்னு போயிட்டாங்க, தினமும் கறுப்புக் கோட்டோட ரீல்ஸ் போடுறாங்க. போன மாசம் ஒருத்தர் போன் பண்ணி, பர்சனல் பிராண்ட் இல்லாம இனி தொழில் பண்ண முடியாது மேடம்னு சொல்லி 15,000 ரூபாய்க்கு ஒரு கோர்ஸ்ல சேரச் சொன்னார். லோகோ, வாரம் மூணு வீடியோ, "நிலத் தகராறா? உடனே அழையுங்கள்"னு போஸ்டர், எல்லாம் அவங்களே செஞ்சு தருவாங்களாம். சீனியர்கிட்ட கேட்டா பேசாம வேலையப் பாருன்னு சொல்றார். எனக்கு வர்ற வேலையோ, பாறசாலை அம்மச்சிகிட்ட சின்ன வயசுல மலையாளம் படிச்சதால பழைய மலையாள ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எது வந்தாலும் என் டேபிளுக்குத் தள்ளிவிட்டுடுறாங்க, கண்ணு வலிக்க வாசிச்சிட்டு இருக்கேன். இந்த மூலையில இருந்துகிட்டு எனக்குன்னு ஒரு பேரு எப்படி எடுக்குறது?

வாசகி, களியக்காவிளை

தங்கச்சி,

முதல்ல அந்த கோர்ஸுக்குக் காசு கட்டாதீங்க. ஏற்கெனவே கட்டியிருந்தா அந்த போஸ்டர மட்டுமாவது போட விடாதீங்க, ஏன்னா உங்க சன்னதுக்கே, அதாவது வக்கீல் தொழில் பண்ற உரிமத்துக்கே ஆபத்து. பார் கவுன்சில் ரூல் 36 நீங்க என்ரோல் பண்ணும்போதே படிச்சிருப்பீங்க, வக்கீல் நேராவோ மறைமுகமாவோ விளம்பரம் பண்ணி கேஸ் பிடிக்கக் கூடாது, போர்டு கூட அளவாத்தான் இருக்கணும், நான் இன்ன வகை கேஸ்ல ஸ்பெஷலிஸ்ட்னு அந்த போர்டுல எழுதவும் கூடாது. 2008ல திருத்தம் பண்ணி வெப்சைட் வச்சுக்க விட்டாங்க, அதுலயும் பேரு, விலாசம், போன், என்ரோல்மென்ட் நம்பர், படிப்பு, எந்தெந்தத் துறையில பிராக்டீஸ், இந்த மாதிரி விவரம் மட்டும்தான். 2024 ஜூலையில சென்னை ஹைகோர்ட் ஆன்லைன்ல விளம்பரம் பண்ணி கேஸ் பிடிக்கிற வக்கீல்கள் மேல நடவடிக்கை எடுக்கணும்னு பார் கவுன்சிலுக்கே உத்தரவு போட்டுச்சு. உங்ககிட்ட கோர்ஸ் விக்க வந்தவருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிஞ்சாலும் போகப்போறது அவரு சன்னது இல்ல.

இனி விஷயத்துக்கு வாறேன். உங்க கடிதத்த நான் மூணு தடவ வாசிச்சேன், மூணு தடவையும் ஒரே வரியிலதான் நின்னேன். பழைய மலையாள ஆதாரம் எல்லாத்தையும் எங்கிட்ட தள்ளிவிடுறாங்கன்னு குறையா எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரி. தங்கச்சி, உங்க பேரு அங்கதான் இருக்கு!

எனக்க அப்பா ஆதாரம் எழுத்துக்காரரு. போர்டு கிடையாது, ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கத்துல ஒரு பெஞ்சு, ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். எண்பதுகள்ல ஒரு சொத்து வழக்கு, ஒரே வயலுக்கு ரெண்டு பேரு ஆதாரம் வச்சிருக்காங்க, ரெண்டுமே சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம், ரெண்டுமே கொல்லம் 1110, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. ஒண்ணு விருச்சிக மாசம், இன்னொண்ணு மகர மாசம். வெளியூர்ல இருந்து வந்த ஒரு வக்கீல் இங்கிலீஷ் வருஷம் கண்டுபிடிக்க ரெண்டுக்கும் 825ஐக் கூட்டி ஒண்ண 1935 நவம்பர், மத்தத 1935 ஜனவரின்னு பட்டியல் போட்டுட்டாரு. அப்போ மகரத்துல வாங்கினவரு முதல்ல வாங்கினவரா ஆயிட்டாரு. அப்பா அந்தப் பேப்பர வாங்கிப் பாத்துட்டு, கொல்லம் ஆண்டு சிங்கத்துல, அதாவது நம்ம ஆவணியில பிறக்கும், அதனால டிசம்பர் முடியுற வரைக்கும் 824தான் கூட்டணும், ஜனவரியில இருந்துதான் 825, விருச்சிகம் 1934 நவம்பர்ல வரும், அவருதான் முதல்ல வாங்கினவருன்னு பென்சில்ல ஓரத்துல எழுதிக் குடுத்தாரு. அந்த ஒரு வருஷத்துல மொத்த கேஸும் திரும்பிப் போச்சு. அதுக்கப்புறம் தக்கலையில இருந்தும் நெய்யாற்றின்கரையில இருந்தும் ஆளுங்க பஸ் ஏறி வந்து, கொல்லம் கணக்கு பாக்குற எழுத்துக்காரரு வீடு எதுன்னு டீக்கடையில கேப்பாங்க, நான் சின்னப்பையன், நான்தான் கூட்டிட்டுப் போவேன். இன்னிக்கி பிராண்ட் பிராண்ட்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, நான் கண்ணால பாத்தது இதுதான்.

அதுவரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த விளவங்கோடும் கல்குளமும் 1956 நவம்பர் 1ல, அப்போ சென்னை மாநிலம்னு பேரு இருந்த தமிழ்நாட்டோட சேந்துச்சு, ஆனா வீட்டு அலமாரிக்குள்ள இருக்குற பத்திரம் பாஷை மாறல. தண்டப்பேர் நம்பரு (நில வரிக் கணக்கு நம்பரு), பழைய சர்வே நம்பரு, மலையாள எழுத்துல தொகை, எல்லாம் அப்படியேதான் கிடக்கு. அத வாசிக்கத் தெரிஞ்ச கிழவங்க ஒவ்வொருத்தரா போயிட்டே இருக்காங்க. சென்னையில ரீல்ஸ் போடுற உங்க கிளாஸ்மேட் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் அந்தப் பேப்பர எந்தப் பக்கம் பிடிக்கணும்னு அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும், அதுவும் நாலு வருஷமா தினமும் அதே வேலையப் பண்ணிட்டு இருக்கீங்க.

ஒண்ணு மட்டும் செய்யுங்க. வாசிச்சு முடிச்சதும் வாயால சொல்லிட்டு விட்டுடாதீங்க. ஒரு பக்கத்துல சுத்தமா டைப் பண்ணுங்க, எந்த ஆதாரம், கொல்லம் தேதி, அதுக்கு இங்கிலீஷ் தேதி, பழைய சர்வே, ரீசர்வே, எத்தன சென்ட், நாலு எல்லை, எழுதிக் குடுத்தது யாரு வாங்கினது யாரு, எந்த இடத்துல எழுத்து அழிஞ்சு போயி உங்களுக்கு உறுதியா வாசிக்க முடியலங்கறதையும் சேத்து. சீனியர்கிட்ட அனுமதி கேட்டு கீழ உங்க பேரும் என்ரோல்மென்ட் நம்பரும் போடுங்க. அந்தப் பேப்பர் கட்சிக்காரர் கையில இருந்து பேங்க் மேனேஜர் டேபிளுக்குப் போகும், எதிர்க்கட்சி வக்கீல் பாப்பாரு, நாளைக்கு அவருக்கே ஒரு மலையாள ஆதாரம் வந்தா குழித்துறையில அந்தப் பிள்ளைகிட்ட குடுங்கன்னு அவரே சொல்லுவாரு. ரூல் 36 உங்க போர்டத்தான் தடுக்கும், அவரு வாய தடுக்காது.

ரொம்ப நாளா மனசுல கிடக்குற இன்னொண்ணும் சொல்லிடுறேன். நம்ம ஊரு கிறிஸ்தவ வீடுகள்ல இன்னைக்கும், பொம்பளப் பிள்ளைக்கு ஸ்திரீதனம் குடுத்தாச்சு, இனி பங்கு கிடையாதுன்னு பெரியவங்க சொல்றத கேக்குறேன். அது கொல்லம் 1092ஆம் ஆண்டு திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், அதாவது 1916. மகனுக்குக் கிடைக்கிறதுல கால் பங்கு இல்லன்னா 5,000 ரூபா, இதுல எது குறைவோ அதுதான் மகளுக்கு. கோட்டயத்து மேரி ராய்ங்கற அம்மா கேஸ் போட்டு 1986ல சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் 1951லயே செத்துப்போச்சு, இந்திய வாரிசுச் சட்டம்தான் பொருந்தும்னு சொல்லியாச்சு, இருந்தும் எத்தனை அக்கா தங்கச்சிகளுக்கு இது தெரியும்? அந்த ஆதாரத்தையும் வாசிச்சு இந்தச் சட்டத்தையும் தமிழ்ல எடுத்துச் சொல்ல நம்ம ஊர்ல ஒரு பொம்பள வக்கீல் இருந்தா எவ்வளவு பெரிய காரியம். இத எழுதுங்க, கொல்லம் கணக்கு பத்தி எழுதுங்க, வீடியோ வேணும்னாலும் பேசுங்க, எனக்கு அதுல ஒரு எதிர்ப்பும் இல்ல. கீழ போன் நம்பர் போட்டு கேஸுக்குக் கூப்பிடாதீங்க, கட்சிக்காரர் பேரையோ அவங்க பத்திர போட்டோவையோ காட்டாதீங்க, அவ்வளவுதான்.

பைய நடக்குற காரியம் இது, அத மறைக்க மாட்டேன். அப்பாவத் தேடி ஆள் வர பத்து வருஷம் ஆச்சு, நடுவுல வீட்டுல கஷ்டம் இருந்துச்சு, அதையும் நான் பாத்தவன்தான். உங்களுக்கு அவ்வளவு ஆகாதுன்னு நினைக்கிறேன், இப்போ வாசிக்கத் தெரிஞ்ச ஆளு அவ்வளவு குறைவு.

அப்பாவோட மரப்பெட்டி இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு. அவரு கைப்பட எழுதிவச்ச நகல் நாப்பது அம்பது கிடக்கு, பழைய எழுத்து, கூட்டெழுத்து, ஓரத்துல அவரு பென்சில் குறிப்போட. சீனியர்கிட்ட சொல்லிட்டு ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு மேல வாங்க, அம்மச்சியையும் முடிஞ்சா கூட்டிட்டு வாங்க, எனக்கே புரியாத நாலஞ்சு வார்த்தை அதுல இருக்கு, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு லென்ஸ் எடுத்துட்டு வாங்க, எங்க வீட்டு லென்ஸ் உடஞ்சு போச்சு.

அன்புடன்,
அண்ணன்